லெகசி காண்டாக்ட்: வாரிசா, பொறுப்பாளரா?

போன ஆவணியில் பெரியப்பாவின் பேஸ்புக் பக்கத்தில் "பல்லாண்டு வாழ்க" என்று 14 பேர் எழுதியிருந்தார்கள். அவர் இறந்து அந்தியேட்டிக் கிரியை முடிந்து அப்போதே இரண்டு வருடம். கல்வெட்டு என்கிற நினைவு மலர் அடித்து ஊரெல்லாம் கொடுத்தோம். கணக்கை என்ன செய்வதென்று ஒருவரும் யோசிக்கவில்லை. நினைவுக் கணக்காக மாற்றியிருந்தால் பிறந்தநாள் அறிவித்தலே போயிருக்காது.

நமக்குப் பிறகு அந்தக் கணக்கைக் கவனிக்க ஓர் ஆளை இருக்கும்போதே குறித்து வைக்கலாம். 2015இல் பேஸ்புக் கொண்டுவந்த வசதி இது. அந்த ஆளுக்குத்தான் லெகசி காண்டாக்ட் என்று பெயர். சொல்லுக்குச் சொல் வைத்தால் 'மரபுத் தொடர்பு'. ஏதோ பரம்பரை வியாதி மாதிரி இருக்கிறது.

லெகசிக்கு வேர் லத்தீனின் 'லெகாரே'. ஒருவரை நியமித்து அனுப்புவதும் அதுதான், மரணசாதனத்தில் (உயிலில்) எழுதிவைப்பதும் அதுதான். ஆங்கிலத்தில் முதலில் அது தூதரின் பதவியைக் குறித்தது. சொத்து என்ற பொருள் பிறகு வந்து ஒட்டியது.

சொத்தென்றால் எங்களிடம் சொல்லுக்கா பஞ்சம்? 1707இல் ஒல்லாந்தர் எழுதுவித்த யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமை, முதுசம் (பெற்றோர் வழி வந்தது), சீதனம், தேடியதேட்டம் (மணமான பின் தேடியது) என்று பிரித்தே வைத்திருக்கிறது. முதுசம் என்பது முதுசொம். சொம் என்றால் சொத்து. பெரியப்பா போட்ட படங்களும் எழுத்தும் அவருக்குத் தேடியதேட்டம், பிள்ளைகளுக்கு முதுசம். (தேடியதேட்டத்தில் மனைவிக்கும் பங்குண்டு, பெரியம்மாவோ அந்தப் பக்கத்தை எட்டியும் பார்த்ததில்லை.) ஆகவே டிஜிட்டல் லெகசியை 'எண்ணிம முதுசம்' என்பேன்.

ஆனால் காண்டாக்ட் ஆனவர் வாரிசு அல்ல. பேஸ்புக்கில் அவர் செத்தவரின் கணக்குக்குள் நுழைய முடியாது, உள்பெட்டியை வாசிக்க முடியாது. படத்தை மாற்றலாம், பக்கத்தின் மேலே ஒரு குறிப்புப் போடலாம், கணக்கை நீக்கச் சொல்லிக் கேட்கலாம். பெரும்பாலும் இவ்வளவுதான். ஆப்பிளின் லெகசி காண்டாக்டுக்குக் கதை வேறு: திறப்புக் குறியீடும் மரண அத்தாட்சிப் பத்திரமும் இருந்தால் படங்கள்வரை கைக்கு வரும். இருந்தாலும் உரிமையைவிடப் பொறுப்பே கூட. பழைய தூதர் பொருள்தான் பொருந்துகிறது. 'கணக்குப் பொறுப்பாளர்' என்றால் கடைக் கணக்கப்பிள்ளை ஞாபகம் வரும். 'முதுசப் பொறுப்பாளர்' சரி.

நான் தங்கச்சியைப் போட்டேன். அறிவித்தல் போன கையோடு கோல் எடுத்தாள்: "அண்ணா, உங்களுக்கு ஏதும் வருத்தமோ?"