‘உழைக்கிற உடம்பு, தாங்கும்’ என்று இனியும் சொல்லாதீர்கள்

போன திங்கட்கிழமை மாலை ஒரு பிள்ளையை அவளுடைய பெரியம்மா கைத்தாங்கலாக அழைத்து வந்தார். வயது 15. பறையாட்டம் பழகத் தொடங்கி ஆறு வாரம் ஆகிறது. இடது கணைக்கால் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. தேய்த்துத் தேய்த்துத் தோல் சிவந்து கிடந்தது.

“மூணு தடவை நீவி விட்டாச்சு மேடம், சுளுக்கு எடுபட மாட்டேங்குது” என்றார் பெரியம்மா.

எலும்பின் உள்விளிம்பைக் கட்டைவிரலால் மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டே வந்தேன். பாதி தூரம் வரை ஒன்றும் இல்லை. அதற்குக் கீழே ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் விரல் பட்டதும், பிள்ளை கட்டில் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். வாயிலிருந்து சத்தமே வரவில்லை.

“எத்தனை நாளா வலிக்குதும்மா?”

“ரெண்டு வாரமா மேடம்.”

“ஏன் யார்கிட்டயும் சொல்லலை?”

“சொன்னா செட்ல இருந்து எடுத்துருவாங்க.”

எலும்பில் மயிரிழை விரிசல். இந்த ஆண்டு என்னிடம் வந்தவர்களில் இவள் ஐந்தாவது. ஐந்து பேரும் கிராமத்துப் பிள்ளைகள். ஐந்து பேருமே ஏதாவது ஓர் இலவசக் கலைப் பயிற்சியில் பழகியவர்கள். பறை, ஒயிலாட்டம், சிலம்பம் என்று ஆட்டம்தான் வேறு வேறு.

நான் பிசியோதெரபிஸ்ட். 14 வருடமாகத் திண்டுக்கல் பக்கம் வேலை பார்க்கிறேன். இந்தப் பயிற்சிகளுக்கு நான் எதிரி இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளியை விட்டு நின்ற தலித் பெண்களின் கையில் பறையைக் கொடுத்து, சாவுக்கு மட்டும் அடிக்கிற மேளம் என்று ஒதுக்கப்பட்டிருந்ததை மேடைக்குக் கொண்டுவந்த சக்தி கலைக்குழு எங்கள் திண்டுக்கல்லில்தான் இருக்கிறது. பறை இசைக் கலைஞர் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ அறிவித்த அன்று, எங்கள் தெருவில் பறை பழகும் பையன்கள் தங்களுக்கே விருது வந்த மாதிரி குதித்ததைப் பார்த்தேன். தலை நிமிராமல் பேசிக்கொண்டிருந்த பிள்ளைகள் மூன்று மாதத்தில் கண்ணைப் பார்த்துப் பேசுவதையும் பார்த்திருக்கிறேன். அந்த மாற்றத்தை என் வைத்தியத்தால் கொடுக்க முடியாது. அதனால்தான் கோபம் வருகிறது. இவ்வளவு நல்ல காரியத்தை ஏன் பிள்ளைகளின் எலும்பு மேல் நடத்த வேண்டும்?

அந்தப் பிள்ளையின் பயிற்சியாளருக்கு அன்றைக்கே போன் செய்தேன். நல்ல தம்பி, மாதச் சம்பளம் இல்லாமல் ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுக்கிறவர். விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்டது: “என்ன மேடம், காட்டுல வேலை செஞ்ச உடம்பு, இதெல்லாம் தாங்காதா?”

தாங்காது. இதை ஒரு தடவையாவது முழுசாகச் சொல்லிவிட வேண்டும்.

நாற்று நடுகிறவளின் உடம்பு எதற்குப் பழகியிருக்கிறது? குனிந்து நிற்க, சேற்றில் பின்னால் நகர, பாரம் தூக்க. இடுப்பும் முதுகும் தொடையும் உறுதியாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் சேறு என்பது மெத்தை. அதில் நிற்கும் கால், மேலே எழும்பிக் கீழே இறங்குவதே இல்லை. பறையாட்டத்திலும் ஒயிலாட்டத்திலும் கால் செய்வது முழுக்க அதுதான். குதித்து இறங்கும் ஒவ்வொரு முறையும் உடல் எடையைப் போல் மூன்று நான்கு மடங்கு விசை காலில் இறங்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 கிலோ எடையுள்ள பிள்ளை நிமிடத்துக்கு 20 முறை குதித்தால், இரண்டு மணி நேரப் பயிற்சியில் 2,400 முறை. ஒவ்வொரு முறைக்கும் குறைந்தது 120 கிலோ. அதுவும் எங்கே? ஊராட்சி அலுவலகத்தின் முன்னால் சிமெண்டுத் தளத்தில், வெறுங்காலோடு, சலங்கையையும் கட்டிக்கொண்டு.

எலும்புக்குப் பழக்கம் வராதா என்று கேட்பீர்கள். வரும், ஆனால் எலும்பு தசையைப் போல அவசரமாகப் பழகாது. புதுச் சுமை வந்ததும் அது முதலில் தன் பழைய பகுதியைக் கரைக்கும், அதற்குப் பிறகுதான் புதிதாகக் கட்டும். கொத்தனார் பொரிந்த செங்கலைப் பெயர்த்துவிட்டுத்தானே புதுச் செங்கலை வைக்கிறார்? பெயர்ப்பது சில வாரத்தில் முடிந்துவிடும், கட்டி முடிக்க மூன்று நான்கு மாதம் ஆகும். அப்படியானால் பயிற்சியின் முதல் ஒன்றிரண்டு மாதத்தில் எலும்பு முன்பு இருந்ததைவிட பலவீனமாகத்தான் இருக்கும். சரியாக அந்த நேரத்தில்தான் நாம் என்ன செய்கிறோம்? ‘பிள்ளைங்க நல்லா பிடிச்சுக்கிட்டாங்க, பொங்கலுக்கு மேடை ஏத்திடலாம்’ என்று காலையும் மாலையும் ஒத்திகை வைக்கிறோம். பிடித்துக்கொண்டது மூளையும் தசையும். எலும்பு இன்னும் பழைய செங்கலைப் பெயர்த்துக்கொண்டிருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நகரத்தில் பரதம் கற்கும் எட்டு வயதுக் குழந்தையிடம் யாரும் ‘தாங்கும்’ என்று சொல்வதில்லை. அவளை மேடை ஏற்ற வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள். வலி என்றால் மறுநாளே என் அறையில் இருப்பாள். கூலி வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் ஏன் எலும்பு வேறு மாதிரி இருக்கும் என்று நினைக்கிறோம்? ‘இவங்களுக்கு ஆட்டம் ரத்தத்துலயே இருக்கு’ என்று பெருமையாகத்தான் சொல்கிறோம். ஆனால் படிப்படியான பயிற்சியைக் கொடுக்காமல் விடுவதற்கு அந்தப் பெருமையே சாக்காகிவிடுகிறது. ஆட்டம் ரத்தத்தில் வராது. பழக்கத்தில் வரும்.

ரத்தம் என்றதும் நினைவுக்கு வருகிறது. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் 2019–21 சுற்றுப்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. உங்கள் செட்டில் பத்துப் பெண் பிள்ளைகள் இருந்தால் ஐந்தாறு பேர் ரத்தம் குறைவாகவே ஆடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் மூச்சு வாங்குகிறது, கண் இருட்டுகிறது என்றால் அது சோம்பல் இல்லை. பள்ளியில் வாரம் ஒரு முறை கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை விழுங்குகிறாளா, ஜன்னல் வழியே எறிகிறாளா என்று கேளுங்கள். வயிற்றைப் புரட்டுகிறது என்பாள். சாப்பிட்ட பிறகு போடச் சொல்லுங்கள், கூடவே டீ குடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அந்தப் பதினைந்து வயசுக்காரி அன்றைக்கு என்ன சாப்பிட்டாள் என்று கேட்டேன். பள்ளியில் மதியச் சாப்பாடு, அப்புறம் பயிற்சி முடிந்து இரவு ஒன்பது மணிக்குக் கஞ்சி. நடுவில் ஒன்றும் இல்லை. தண்ணீர்? குடிப்பதே இல்லையாம். பயிற்சி நடக்கிற இடத்தில் கழிப்பறை கிடையாது, அதனால் நான்கு மணிக்கு மேல் எந்தப் பெண் பிள்ளையும் தண்ணீர் குடிப்பதில்லை. பயிற்சியாளர் தம்பிக்கு இது தெரியாது. அவரிடம் யாரும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார்கள். அப்புறம் கேட்டதில், மாதவிலக்கு மூன்று மாதமாக வரவில்லை என்றாள். அது நல்ல வசதியாக இருக்கிறது என்று வேறு சொன்னாள். வளரும் வயதில் தீனி குறைந்தாலே விலக்கு நின்றுபோகலாம், ஆட்டமும் கூடினால் சொல்லவே வேண்டாம். அப்படி நின்றால் எலும்பும் இளைக்கும். பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சி நடத்துகிறவர்கள், தயவுசெய்து, ஊரில் விவரமான ஓர் அக்காவைக் குழுவோடு வைத்துக்கொள்ளுங்கள். அங்கன்வாடிப் பணியாளர், கிராம செவிலியர், யாராக இருந்தாலும் சரி. மூன்று மாதம் வரவில்லை என்றால் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று அவர் சொல்லட்டும்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை. கணைக்காலின் நீளத்துக்கும் பரவலாக வலித்து, கொஞ்சம் ஆடியதும் குறைந்தால் அது பெரும்பாலும் எலும்பு உறையின் வலி. சுமையைக் குறைத்தால் அடங்கிவிடும். விரலால் ‘இங்கேதான்’ என்று ஒரே இடத்தைத் தொட்டுக் காட்டினால், ஆட ஆட வலி கூடினால், ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தால், ஒற்றைக் காலில் குதிக்கச் சொல்லும்போது பயந்தால், அதை விரிசல் என்றே எடுத்துக்கொண்டு ஆட்டத்தை அன்றோடு நிறுத்துங்கள். நீவ வேண்டாம். விரிசல் விட்ட எலும்பை நீவுவது எந்த ஊர் வைத்தியம்? மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டவும் வேண்டாம். இறுக்கிய கட்டால் ரத்த ஓட்டம் நின்று, விரல் கறுத்து வந்த கால்களை என் பயிற்சிக் காலத்திலேயே பார்த்துவிட்டேன்.

எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்றால் ஒன்றும் இல்லை என்று அர்த்தமில்லை. இந்த விரிசல் முதல் இரண்டு மூன்று வாரம் பெரும்பாலும் எக்ஸ்ரேயில் தெரியாது. என் ஐந்து பேரில் மூன்று பேர் அந்தப் படத்தை நம்பித் திரும்பவும் ஆடப் போனவர்கள். ஓய்வு எடுத்து, மூன்று வாரம் கழித்து மறுபடியும் எடுங்கள். சந்தேகம் இருந்தால் டாக்டரே எம்.ஆர்.ஐ. எழுதுவார்.

பயிற்சியாளர்களுக்குச் சொல்ல வேண்டியது இன்னும் இருக்கிறது. பறையை நீங்கள் எப்படி எடுக்கிறீர்கள்? வைக்கோலையும் சருகையும் கூட்டிக் கொளுத்தி, பறையைத் திருப்பித் திருப்பிக் காய்ச்சி, சுண்டிப் பார்த்து, தோல் விறைத்து ஓசை கணீரென்று வந்த பிறகுதான் தோளில் மாட்டுகிறீர்கள். காயாத பறையை எந்த ஆசானும் அடிக்க விடமாட்டார். அதே ஆசான், நாள் முழுக்கப் பள்ளி பெஞ்சில் உட்கார்ந்திருந்த காலை நேராகக் குதிக்க விடுகிறார். பறை காயும் அந்தப் பத்து நிமிடத்தில் பிள்ளைகளும் காயட்டும். முதலில் நடை, பிறகு மெது ஓட்டம், குதிகாலைத் தூக்கி இறக்குவது, பாதி உட்கார்ந்து எழுவது, கடைசியில் அடவை மெதுவான தாளத்தில் குதிக்காமல் ஒரு தடவை. தனி நேரமே வேண்டாம்.

சிமெண்டுத் தளத்தை விடுங்கள். ஊரில் மண் தரை இல்லையா? கல், கண்ணாடிச் சில்லு பொறுக்கிவிட்டு, தண்ணீர் தெளித்து ஆடுங்கள். மேடையும் தார் ரோடும் நிகழ்ச்சி அன்றைக்கு மட்டும் போதும். சலங்கையைக் கடைசி இரண்டு வாரத்தில் கட்டலாம். முதல் இரண்டு மாதம் வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் குதிப்பு வேண்டாம், நடுவில் ஒரு நாள் விட்டு வையுங்கள். அந்த நாளில் சும்மா இருக்கச் சொல்லவில்லை. உட்கார்ந்து அடி பழகலாம், பாட்டு பழகலாம், பறையின் கதையைச் சொல்லலாம். திடீரென்று உயரம் கூடும் பிள்ளைகளைக் கவனியுங்கள், முழங்காலுக்குக் கீழே புடைத்து வலிக்கும் என்பார்கள். அவர்களுக்குக் குதிப்பைக் குறைத்துவிடுங்கள். பயிற்சிக்கு முன் ஒரு கடலை மிட்டாய், ஒரு வாழைப்பழம், இல்லை ஒரு பிடி பொட்டுக்கடலையும் வெல்லமும் கொடுங்கள்.

பணம் கொடுக்கும் அமைப்புகளுக்கும் ஒரு வேண்டுகோள். மூன்று மாதத்தில் அரங்கேற்றப் புகைப்படம் வேண்டும் என்று கேட்காதீர்கள். உடை, பேனர், மைக் செட்டுக்கு ஒதுக்குகிற பணத்தில் ஒரு பங்கை சுண்டலுக்கும் கழிப்பறை வசதிக்கும் ஒதுக்குங்கள். அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடக்கும் கலைத் திருவிழா கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பெரிய வாசல். அதற்குத் தேதி அறிவித்த பிறகு இரண்டே வாரத்தில் பிள்ளைகளைத் தயார்செய்ய வேண்டாம். ஆசிரியர்கள் ஆண்டுத் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிடுங்கள்.

முக்கியமாக, வலிக்கிறது என்று சொல்லும் பிள்ளையைச் செட்டிலிருந்து எடுக்காதீர்கள். அந்த ஒரு பயம் போனால் பாதி விரிசல் முதல் வாரத்திலேயே என்னிடம் வந்துவிடும். வலிக்கிறவள் உட்கார்ந்து அடிக்கட்டும், தாளம் எண்ணட்டும், சின்னப் பிள்ளைகளுக்குக் கை சொல்லிக்கொடுக்கட்டும். அவள் இடம் அவளுக்கே இருக்கிறது என்று எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள்.

இவளுக்கு எட்டு வாரம் குதிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். நேற்று அந்தப் பயிற்சியாளர் தம்பி மருத்துவமனைக்கே வந்துவிட்டார், கையில் அவளுடைய பறை. “உக்காந்து அடிக்கலாம்ல மேடம்?” என்று கேட்டார். தாராளமாக என்றேன். ஞாயிற்றுக்கிழமை காலை நானும் அவர்கள் பயிற்சிக்குப் போகிறேன். வேறு குழுக்கள் கூப்பிட்டாலும் வருவேன், காசு வேண்டாம். பறை காய்ச்சுகிற நேரத்துக்கு முன்னால் வரச் சொல்லுங்கள், அது போதும்.