ஸ்கிரீனிங் என்றால் ‘தடுப்புப் பரிசோதனை’யா?

ஒரு கட்சியின் பொதுச் சுகாதாரக் கொள்கை அறிக்கையைத் தமிழில் படித்தேன். ‘புற்றுநோய்த் தடுப்பு’ என்று தடித்த எழுத்தில் ஒரு தலைப்பு. அதன் கீழே நடமாடும் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) வண்டி, ஊர்தோறும் ‘தடுப்புப் பரிசோதனை’ முகாம், நடுத்தர வயதினருக்கெல்லாம் ‘தடுப்புப் பரிசோதனை’ அட்டை. புகையிலையைப் பற்றி ஒரு வரி இல்லை, தடுப்பூசியைப் பற்றியும் இல்லை. ஆங்கில வடிவத்தை எடுத்துப் பார்த்தால் எல்லா இடத்திலும் ‘கேன்சர் ஸ்கிரீனிங்’ என்றே இருக்கிறது; நலமாகத் தெரிபவர்களிடம் புற்றுநோய் இருக்கக்கூடுமா என்று தேடிப் பார்க்கும் சோதனை அது. தடுப்பைக் கொண்டுவந்து சேர்த்தவர் தமிழாக்கியவர். சுவரொட்டியிலும் மேடையிலும் செய்தித்தாளிலும் இதே பிழையைக் கண்டு பொறுமை போய்விட்டது.

‘ஸ்கிரீன்’ பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன பழைய சொல். கணப்பின் அனல் மேலே படாமல் நிறுத்திய மறைப்பு முதற்பொருள். தானியத்தையும் நிலக்கரியையும் பிரித்தெடுக்கும் பெரிய சல்லடை அடுத்த பொருள். சினிமாத் திரை முதற்பொருளின் கிளை. மருத்துவம் எடுத்துக்கொண்டது சல்லடையை. வேர்க்கதை இவ்வளவு போதும்.

இது தெரிந்தாலே ‘திரையிடல்’ என்ற மொழிபெயர்ப்பு விழுந்துவிடுகிறது. எந்திர மொழிபெயர்ப்பு பரப்பிய சொல் அது. திரையிடுதல் தமிழில் படம் காட்டுவது, இல்லாவிட்டால் மறைப்பது. ‘புற்றுநோய்த் திரையிடல் முகாம்’ என்று எழுதினால் நோயை மூடி மறைக்கும் முகாம் என்றே பொருள்படும். இதோடு அதை விட்டுவிடலாம், வாதம் தேவையில்லை.

வாதம் தேவைப்படுவது ‘தடுப்புப் பரிசோதனை’க்குத்தான். கேட்க நன்றாக இருக்கிறது, எல்லோருக்கும் புரிவதுபோலவும் இருக்கிறது. ஆபத்து அங்கேதான். தமிழில் ‘தடுப்பு’ என்ற சொல்லுக்கு மக்கள் எங்கிருந்து பொருள் கொள்கிறார்கள் என்று பாருங்கள்: தடுப்பூசி, தடுப்பணை, தடுப்புச் சுவர். மூன்றும் வருவதை வராமல் நிறுத்துபவை. அப்படியானால் தடுப்புப் பரிசோதனை செய்துகொண்டவருக்கு நோய் வராது என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். அது அவர் பிழை அல்ல.

ஸ்கிரீனிங் செய்வது வேறு. அமெரிக்காவின் நாட்பட்ட நோய்களுக்கான ஆணையம் 1951-இல் தந்த வரையறைதான் இன்றும் அடிப்படை. வெளிப்பார்வைக்கு நலமாக இருப்பவர்களிடம் விரைவாகச் செய்யக்கூடிய சோதனையை நடத்தி, நோய் இருக்க வாய்ப்புள்ளவர்களையும் இல்லாதவர்களையும் பிரிப்பது. நோயை உறுதிசெய்வது அதன் வேலை அல்ல. எந்த நோய்க்கு இதைச் செய்யலாம் என்பதற்கு வில்சன், யுங்னர் என்ற இரு நிபுணர்கள் 1968-இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக நெறிகள் வகுத்தார்கள். நோய் முக்கியமானதாக இருக்க வேண்டும், கண்டுபிடிக்கப்பட்டவருக்கு ஏற்கப்பட்ட சிகிச்சை இருக்க வேண்டும் என்பவை அவற்றில் சில. சிகிச்சைக்கு வழி செய்யாமல் முகாம் மட்டும் நடத்தும் கட்சிகள் இந்த இரண்டாவது நெறியைப் படிக்க வேண்டும்.

மறுதரப்பின் வலுவான வாதம் ஒன்றுண்டு. பொதுச் சுகாதாரப் பாடநூல்கள் ஸ்கிரீனிங்கை ‘இரண்டாம் நிலைத் தடுப்பு’, அதாவது நோயைத் தொடக்கத்திலேயே கண்டு முற்றாமல் நிறுத்துவது, என்ற வகையில் வைக்கின்றன. உண்மைதான். கருப்பைவாயில் புற்றாகும் முன்னரே மாறிய திசுவைக் கண்டு நீக்கலாம். பெருங்குடலின் உட்சுவரில் முளைக்கும் பாலிப்பு என்ற சதை வளர்ச்சிகளையும் அப்படியே நீக்கலாம். அங்கே புற்றுநோய் உண்மையாகவே தடுக்கப்படுகிறது. ஆனால் தடுப்பது நீக்கும் சிகிச்சை. சோதனை ஆளைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். மேமோகிராமோ ஏற்கெனவே உண்டாகிவிட்ட கட்டியைச் சிறியதாக இருக்கும்போதே காட்டுகிறது. அது உயிரைக் காக்கலாம், நோயை வராமல் தடுக்கவில்லை. மேலும் பாடநூலில் ‘இரண்டாம் நிலை’ என்ற அடை இருக்கிறது. அறிக்கைத் தமிழில் அடை உதிர்ந்து தடுப்பு மட்டும் நிற்கிறது.

இது வெறும் சொற்சண்டை என்பவர்கள் தென்கொரியாவைப் பார்க்கட்டும். அங்கே 1999-இல் தேசியப் புற்றுநோய் ஸ்கிரீனிங் திட்டம் தொடங்கியது. அதில் இல்லாத தைராய்டு அல்ட்ராசவுண்டை மருத்துவமனைகள் சிறு கட்டணத்துக்குக் கூடவே செய்தன. 2011-இல் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்ட விகிதம் 1993-இல் இருந்ததைப் போல் 15 மடங்கு. அந்நோயால் இறந்தவர்களின் விகிதம் அப்படியே இருந்தது. ஒருபோதும் தொல்லை தந்திருக்காத கட்டிகளுக்காகப் பல்லாயிரவர் தைராய்டைப் பறிகொடுத்தார்கள். சோதனைக்குத் தீங்கும் உண்டு என்பதைத் ‘தடுப்பு’ என்ற சொல் யோசிக்கவே விடாது.

கட்சிகளுக்கு இந்தக் குழப்பம் வசதி. புற்றுநோய்களில் 30 முதல் 50 விழுக்காடு தடுக்கக்கூடியவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்குப் புகையிலையைக் கட்டுப்படுத்த வேண்டும், மதுவைக் குறைக்க வேண்டும், எச்.பி.வி. (கருப்பைவாய்ப் புற்றை உண்டாக்கும் வைரஸ்), ஹெபடைடிஸ் பி தடுப்பூசிகள் போட வேண்டும், காற்று மாசைக் குறைக்க வேண்டும். சிகரெட்டின் சில்லறை விலையில் வரி குறைந்தது 75 விழுக்காடாக இருக்க வேண்டும் என்பதும் அதன் பரிந்துரை. இவை வணிகர்களைப் பகைக்கும் வேலைகள். முகாம் திறப்பது படம் எடுத்துக்கொள்ளும் வேலை. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டால் இரண்டாவதைச் செய்துவிட்டு முதலாவதைச் செய்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். கருப்பைவாய்ப் புற்றுநோயை ஒழிக்க உலக சுகாதார நிறுவனம் 2030-க்கு வகுத்த இலக்குகள் 90-70-90: சிறுமியரில் 90 விழுக்காட்டினருக்குத் தடுப்பூசி, பெண்களில் 70 விழுக்காட்டினருக்கு ஸ்கிரீனிங், நோய் கண்டவர்களில் 90 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை. முதல் இரண்டையும் ‘தடுப்பு’ என்று எழுதிப் பாருங்கள், திட்டமே குழம்பிவிடும்.

‘முன்கண்டறிதல்’ இதைவிட நல்ல சொல். ஆனால் அதற்கு வேறு வேலை இருக்கிறது. ஆறாத வாய்ப்புண்ணோடு ஒருவர் தாமாகவே மருத்துவரிடம் போய், அங்கே நோய் தொடக்கத்திலேயே தெரிவதும் முன்கண்டறிதல்தான். அறிகுறி இல்லாதவர்களைத் தேடிப் போவது என்ற கூறு அதில் இல்லை.

நான் பரிந்துரைப்பது ‘சலித்தறிதல்’. சலித்து அறிவது. மூலச் சொல்லின் சல்லடை இதில் அப்படியே இருக்கிறது. சலித்தபின் மேலே நிற்பது கல்லாகவும் இருக்கலாம், குருணையாகவும் இருக்கலாம். கையில் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். கண்ணுக்குத் தப்பிய பொடிக்கல் கீழே இறங்கியும் இருக்கலாம். நோயில்லாதவரைப் பிடித்து நிறுத்துவது, நோயுள்ளவரைத் தவறவிடுவது என்ற இந்தச் சோதனையின் இருவகைப் பிழைகளையும் இதைவிடத் தெளிவாக எந்தச் சொல்லும் காட்டாது. ‘வடிகட்டல்’ என்பாரும் உண்டு. வடிகட்டினால் எஞ்சுவது கசடு; மனிதரைக் கசடாக்கும் சொல்லை நான் ஏற்கமாட்டேன். சலித்தல் என்றால் அலுத்துப்போதல் அல்லவா என்று கேட்பார்கள். மாவு சலிக்கிறவரைப் பார்த்து அவர் அலுத்துப்போனாரா என்று தமிழர் எவரும் கேட்பதில்லை.

புதுச்சொல் தயக்கம் தந்தால் ‘ஸ்கிரீனிங்’ என்றே தமிழ் எழுத்தில் எழுதுங்கள், எனக்கு மனக்குறை இல்லை. புரியாத கடன்சொல்லைக் கேட்டவர் என்னவென்று விசாரிப்பார். தவறாகப் புரியும் தனித்தமிழ்ச் சொல்லைக் கேட்டவர் விசாரிக்காமலே நம்பிவிடுவார். மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்துவைத்து அடுத்த வரிக்கு ஓடுவதை நிறுத்தினால் பாதிக் கேடு தீரும்.

முடிவுச் சீட்டுகளும் திருந்த வேண்டும். ‘பாசிட்டிவ்’ என்பதை ‘நோய் உள்ளது’ என்றும் ‘நெகட்டிவ்’ என்பதை ‘நோய் இல்லை’ என்றும் அச்சிடுவது தவறு. இரண்டையும் அந்தச் சோதனை சொல்லவில்லை. ‘மேலாய்வு தேவை’ அல்லது ‘இப்போது மேலாய்வு தேவையில்லை’ என்று எழுதலாம். அதற்குக் கீழே ‘அடுத்த சலித்தறிதல்’ என்று ஒரு வரியும், மாதமும் ஆண்டும் நிரப்ப இடமும் விட வேண்டும்.