ஆயாவின் தோடு ஏன் ஆடியது?

ஏற்காட்டில் குளிர் விழுந்துவிட்டால் யாருடைய கழுத்தும் கண்ணில் படாது. மப்ளர் இருக்கும், சால்வை இருக்கும், ஒன்றுமில்லாவிட்டால் முந்தானையாவது சுற்றியிருக்கும். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, சேலத்து வெயிலில் என் கிளினிக்குக்குள் வந்து உட்கார்ந்த பிறகும் அதைக் கழற்றத் தோன்றாது. "மப்ளரை எடுங்க" என்றால், "தொண்டையெல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க டாக்டர்" என்பார்கள். எனக்குத் தொண்டை வேண்டாம். கழுத்து வழியாக இதயத்தைப் பார்க்க வேண்டும்.

கொத்தனார் தண்ணீர் டியூப்பை வைத்து மட்டம் பார்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். கழுத்தின் வலப்பக்கம் தசைக்கு அடியில் அப்படி ஒரு டியூப் ஓடுகிறது. காதுக்குக் கீழே தொடங்கி, காறை எலும்புக்குப் பின்னால் இறங்கி, அதிகம் வளையாமல் இதயத்தின் வலது மேலறைக்குப் போய்ச் சேரும் பெரிய சிரை அது. (நம் ஊரில் இதற்கும் நரம்பு என்றுதான் பேர். "கழுத்து நரம்பு புடைக்குது" என்றால் மூளைச் சமாச்சாரம் என்று பயப்பட வேண்டாம். ரத்தக் குழாயைத்தான் சொல்கிறார்கள்.) வலது மேலறையில் அழுத்தம் கூடினால் இந்தச் சிரையில் ரத்த மட்டம் மேலே ஏறும்.

அளப்பதற்கு ஒரு டார்ச்சும் ஸ்கேலும் போதும். ஆளை 45 டிகிரி சாய்வாகப் படுக்க வைத்து, முகத்தைச் சற்றே இடப்பக்கம் திருப்பச் சொல்லி, பக்கவாட்டில் வெளிச்சம் அடித்துப் பார்ப்போம். தோல் ஒவ்வொரு துடிப்புக்கும் இரண்டு முறை மெல்ல அசையும். அந்த அசைவு எந்த உயரத்தில் முடிகிறதோ அதுதான் மட்டம். தொண்டைக்குழிக்குக் கீழே நெஞ்செலும்பில் விரலை வைத்து இறக்கினால் ஒரு மேடு தட்டுப்படும். அங்கிருந்து செங்குத்தாக அளக்க வேண்டும். 1930-ல் லண்டன் மருத்துவர் தாமஸ் லூயிஸ் எழுதிவைத்த வழி இது. 3 சென்டிமீட்டருக்கு மேல் போனால் நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம்.

பக்கத்திலேயே தமனியும் (இதயத்திலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் குழாய்) துடிக்கும் என்பதால் குழப்பம் வரும். தமனியின் துடிப்பு விரலுக்குத் தட்டுப்படும். சிரையின் துடிப்பு கண்ணுக்குத் தெரியுமே தவிர விரலுக்குச் சிக்காது. எழுந்து உட்கார்ந்தால் கீழே இறங்கிவிடும். மூச்சை இழுத்தாலும் இறங்க வேண்டும். இழுக்கும்போது ஏறினால் இதய உறை இறுகியிருக்கிறதோ என்று பார்ப்போம். நம் நாட்டில் அதற்குப் பெரும்பாலும் பழைய காசநோய்தான் காரணமாக இருக்கும்.

எல்லாப் புடைப்பும் நோய் அல்ல. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் பழைய வெள்ளிப் பட்டறைகளில் ஊதுகுழலால் ஊதிக் கொலுசுக்குப் பற்றவைப்பவரைப் பார்த்தால் கழுத்தில் கயிறு மாதிரி எழும்பும். ஊதி முடித்ததும் அடங்கிவிடும். பாடினாலும், இருமினாலும், மூட்டை தூக்கினாலும் அப்படித்தான்.

இனி நான் கோட்டைவிட்ட கதை. காப்பித் தோட்டத்தில் காலமெல்லாம் உழைத்த ஆயா ஒருவர் வந்தார். எழுபதை நெருங்கும் வயது. பாதம் வீக்கம், மேடேறினால் மூச்சு வாங்கல். நெஞ்சில் வீசிங் சத்தம் கேட்டது. சாய்த்துப் படுக்க வைத்துக் கழுத்தைப் பார்த்தேன். எந்த அசைவும் இல்லை. 'நார்மல்' என்று எழுதி, இன்ஹேலர் கொடுத்து அனுப்பினேன்.

பத்து நாள் கழித்துப் பேத்தியோடு வந்தார். வயிறும் ஊதியிருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து, "ராத்திரி படுக்கவே முடியல சாமி" என்று சொல்லி நிறுத்தினார். காதில் சிவப்புக் கல் தோடு. தலை அசையவில்லை, தோடு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. நாடியைப் பிடித்தேன். நாடிக்கு ஒரு ஆட்டம், பிசகாமல்.

நேராக உட்கார்ந்திருக்கும்போதே மட்டம் காதடிக்கு ஏறியிருந்தது. அப்படியானால் படுக்க வைத்தபோது தாடையைத் தாண்டி எங்கேயோ மேலே போயிருக்கும். சிரை முழுக்க நிரம்பி நின்றதால் கழுத்தில் எதுவும் அசையவில்லை. நிரம்பி வழிந்ததைக் காலி என்று எழுதியிருக்கிறேன்! சாய்வில் தெரியாவிட்டால் நிமிர்த்தி உட்கார வைத்துப் பார் என்று மாணவனாக இருந்தபோதே படித்த பாடம்.

எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தோம். விறகடுப்புப் புகையில் கெட்டுப்போன நுரையீரலுக்குள் ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயத்தின் வலப்பக்கம் வீங்கியிருந்தது. இரண்டு வலது அறைகளுக்கும் நடுவில் உள்ள வால்வும் ஒழுகியது. ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் பின்னோக்கிக் கழுத்துக்கு அடித்ததில்தான் தோடு ஆடியிருக்கிறது. நீர் மாத்திரை, உப்புக் கட்டுப்பாடு, வீட்டில் கேஸ் அடுப்பு. இரண்டு வாரத்தில் 5 கிலோ இறங்கியது.

வீட்டில் நீங்கள் ஸ்கேல் வைத்து அளக்க வேண்டாம். கழுத்தை அழுத்தியும் பார்க்க வேண்டாம், வயதானவர்களுக்குத் தலைசுற்றி விழ வாய்ப்புண்டு. நிமிர்ந்து, பேசாமல் உட்கார்ந்திருக்கும்போதும் கழுத்துக் குழாய் புடைத்தே இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கூடவே கால்வீக்கமோ, தலையணை ஒன்றுக்கு இரண்டாக வைத்தால்தான் தூக்கம் என்பதோ இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். கழுத்து புடைத்து, துடிப்பே இல்லாமல், காலையில் முகமும் உப்பியிருந்தால் அன்றைக்கே கிளம்புங்கள். நெஞ்சுக்குள் கட்டி ஏதாவது குழாயை அடைத்திருக்கலாம்.

போன மழைக்காலத்தில் பேத்தி போன் செய்தாள். "டாக்டர், தலை வாரும்போது பார்த்தேன், ஆயாவுக்குத் தோடு லேசா ஆடுதுங்க. எடையும் ரெண்டு கிலோ கூடியிருக்கு." அன்று சாயந்திரமே கீழே வரச் சொன்னேன். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன்.

"எலுமிச்சங்கா ஊறுகா, ஒரே ஒரு துண்டுதான் சாமி" என்றார் ஆயா. பின்னால் நின்ற பேத்தி, சத்தம் போடாமல், பாட்டிலில் பாதி என்று கையால் அளந்து காட்டினாள்.