பெட்டியில் உறங்கிய ஹவானா: பழைய சுருட்டைப் பார்ப்பதும் சுவைப்பதும்

பழைய சுருட்டுப் பெட்டி ஒன்று கைக்கு வந்தால் உடனே தீப்பெட்டியைத் தேடாதீர்கள். பெட்டியைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். கியூபாவில் சுற்றியது என்றால் அதன் ஜாதகம் அங்கேதான் இருக்கிறது. மரத்தில் சூடு வைத்துப் பதித்த முத்திரையில் 'ஹபானோஸ் எஸ்.ஏ.' என்ற நிறுவனப் பெயரும், 'ஹெச்சோ என் கூபா', அதாவது கியூபாவில் செய்தது என்பதும் இருக்கும். அத்துடன் 'தோதால்மெந்தே அ மானோ', அதாவது முழுக்கக் கையால் செய்தது என்ற வரி. இந்த வரி 1989-இல் சேர்ந்தது. பக்கத்திலேயே மையில் குத்திய ஆலைக் குறியும், பெட்டியில் அடைத்த மாதமும் வருடமும் இருக்கும். அண்மைக் காலப் பெட்டிகளில் மாதத்துக்கு ஸ்பானியப் பெயரின் முதல் மூன்று எழுத்துகள். ஜனவரி அங்கே எனேரோ, ஆகஸ்ட் அகோஸ்தோ.

இந்த முத்திரையே பல பொய்களைக் காட்டிக்கொடுத்துவிடும். '1990-ஆம் வருடத்துப் பெட்டி' என்று சொல்லி விற்பார்கள், அடியில் ஹபானோஸ் எஸ்.ஏ. முத்திரை இருக்கும். கியூபாச் சுருட்டை விற்கும் அந்த நிறுவனமே 1994-இல்தான் வந்தது. அதற்கு முன்னால் அந்த இடத்தில் கியூப அரசின் புகையிலை நிறுவனமான கூபாதபாக்கோவின் சின்னம் இருந்தது. கியூபாவின் பெயர்பெற்ற பிராண்டான கொஹீபாவின் பெட்டி கண்ணாடி மூடியோடு வந்தால் விசாரணையே வேண்டாம், போலி. கொஹீபாவில் அப்படி ஒரு பெட்டியே வந்ததில்லை. சுற்றுலா போனவர்கள் தெருவில் 'ஆலையில் வேலை செய்கிறவரின் தம்பி'யிடம் மலிவாக வாங்கி வருவது பெரும்பாலும் இதைத்தான். உள்ளே இருப்பது முழு இலையாகக்கூட இருக்காது, வெட்டுத்தூள்.

ஒரு விஷயத்தைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பெட்டியில் இருக்கும் தேதி அடைத்த தேதி, இலையின் வயது அதைவிடக் கூடுதல். பினார் தெல் ரியோ மாகாணத்தில் வுவெல்தா அபாஹோ வட்டாரத்து இலை அறுவடையாகி, கொட்டகையில் உலர்ந்து, 'பிலோன்' என்ற அம்பாரமாக அடுக்கப்பட்டுப் புளித்து, மூட்டையில் கிடந்து, அதன் பிறகே சுற்றுகிறவரின் மேசைக்கு வரும். 'ரெசர்வா' என்றால் அந்த இலைகள் சுற்றுவதற்கு முன்பே மூன்று வருடம் கிடந்தவை, 'கிரான் ரெசர்வா' என்றால் ஐந்து வருடம்.

அம்பாரத்தில் இலை தன் சூட்டிலேயே வேகிறது. வைக்கோற்போருக்குள் கையை விட்டால் உள்சூடு தெரியுமே, அதே கதைதான். அந்தச் சூட்டில் அமோனியா வெளியேறும், காரல் குறையும். சுற்றும்போது இலை உடையாமலிருக்க மறுபடி ஈரம் ஏற்றுவார்கள், அதனால் புதுச் சுருட்டில் மெல்லிய புளிப்பு இன்னொரு முறை தலைதூக்கும். அந்த மாதங்களில் மூக்குக்கு அருகே கொண்டுபோனால் பூனை நடமாடிய மூலையின் நெடி அடிக்கும். நெடி அடிக்கிற வரை அது பிடிப்பதற்கில்லை. பிறகு வருடங்கள் போகப்போகத் துவர்ப்பு அடங்கி, காட்டம் தணிந்து, தனித்தனியாக நின்ற வாசனைகள் ஒன்றோடொன்று கலக்கும். எல்லாச் சுருட்டுக்கும் ஒரே கணக்கு இல்லை. ஓயோ தெ மோந்தெர்ரே மாதிரி மெல்லியவை சீக்கிரம் பக்குவமாகி, சீக்கிரமே தளர்ந்தும் போகும். பொலிவார், பர்த்தகாஸ் போன்ற காட்டமானவை பதினைந்து இருபது வருடம் தாங்கும். இருபது வருடம் கிடந்த மெல்லியதை 'விண்டேஜ்' விலைக்கு வாங்குகிறவருக்கு மிஞ்சுவது பழைய காகிதத்தின் ருசிதான்.

இந்தக் கணக்கெல்லாம் ஒழுங்காக வைத்திருந்தால்தான். 18 முதல் 20 டிகிரி செல்சியஸ், 65 சதவீத ஈரப்பதம் என்பது நீண்டகாலச் சேமிப்புக்குப் பாதுகாப்பான அளவு. 70-ஐத் தாண்டினால் சுருட்டு உப்பி, இழுப்பு அடைக்கும். 75 பக்கம் போனால் பூஞ்சை. 55-க்குக் கீழே மாதக்கணக்கில் கிடந்தால் வாசனை எண்ணெய்கள் பறந்துவிடும். பிறகு எவ்வளவு ஈரம் காட்டினாலும் அவை திரும்பி வராது.

சுருட்டுக்கு ஈரப்பதம் காக்கும் ஹ்யூமிடார் பெட்டியின் ஈரமானி முள் காட்டுகிற எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஈரமணல் பதத்துக்குக் கொண்டுவாருங்கள், கரைந்து ஓடக் கூடாது. அதையும் ஈரமானியையும் காற்றுப் புகாத ஜிப் பையில் போட்டு எட்டு மணி நேரம் விட்டால், உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். கருவி 70 காட்டினால் அது ஐந்து குறைத்துக் காட்டுகிறது என்று பொருள். இதைச் செய்யாமல் 'என் பெட்டி எப்பவும் 65-தான்' என்கிறவர்களிடம்தான் பூஞ்சை பிடித்த பெட்டிகள் கிடைக்கின்றன.

பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் மரத்தை எல்லோரும் ஸ்பானிஷ் சிடார் என்பார்கள். அது ஸ்பெயினுடையதும் அல்ல, சிடாரும் அல்ல. வேப்ப மரக் குடும்பம், நம் மலைக்காட்டுச் சந்தன வேம்புக்கு நெருங்கிய சொந்தம்.

வெயில் ஊர்களில் பெரிய எதிரி புகையிலை வண்டு. இலைக்குள் கண்ணுக்குத் தெரியாத முட்டையாகக் கிடக்கும், வெப்பம் 24, 25-ஐத் தாண்டி அங்கேயே நின்றால் பொரிக்கும். மேலிலையில் குண்டூசித் தலை அளவுக்கு, துளைகருவியால் போட்டது மாதிரி வட்டமான ஓட்டை இருந்தால், பெட்டியில் மாவு மாதிரி தூள் உதிர்ந்திருந்தால், அதுதான். ஓட்டை விழுந்ததைத் தூக்கி எறியுங்கள். மற்றவற்றை இரட்டை ஜிப் பையில் கட்டி, மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசரில் குறைந்தது மூன்று நாள், பிறகு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு நாள், அதன் பிறகே வெளியே. நடுவிலுள்ள அந்த ஒரு நாளைத் தவிர்த்தால் மேலிலை விரிந்து வெடிக்கும்.

மேலே வெள்ளையாகப் பூத்திருந்தால் 'இது பக்குவத்தின் அடையாளம், எண்ணெய் படிகம்' என்று ஒரு கதை சொல்வார்கள். அதை விலை ஏற்றும் சரக்காக ஆக்கியிருக்கிறார்கள். பஞ்சுபோல, புள்ளிபுள்ளியாக, தொட்டால் இழுபடுவதாக இருந்தால் அது பூஞ்சை. மேலோடு மட்டும் இருக்கிறதா என்று பார்க்க நெருப்பு வைக்கும் பக்கத்தைத் திருப்பி உற்றுப் பாருங்கள். உள்ளிலை மடிப்புகளுக்குள் வெள்ளையோ பச்சையோ தெரிந்தால் துடைத்துப் பிடிக்கலாம் என்ற பேச்சே கூடாது.

இனி கையில் எடுக்கலாம். பழைய சுருட்டின் மேலிலை வெங்காயத் தோல்போல நொறுங்கும். அதனால் பிடிப்பதற்கு முன் இரண்டு வாரமாவது 62–65 சதவீதத்தில் ஓய்வாக வைத்திருக்க வேண்டும். இரு விரலால் அடியிலிருந்து நுனிவரை மெல்ல அழுத்திக்கொண்டே போங்கள். ஓரிடத்தில் மரக்கட்டைபோலக் கெட்டியாக இருந்தால் இழுப்பு அங்கே அடைக்கும். மெத்தென்று பள்ளம் விழுந்தால் உள்ளிலை குறைவு, அந்த இடத்தில் சூடேறிக் கசக்கும். நெருப்புப் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்தால் இலைகள் விசிறிபோல மடிந்திருப்பது தெரியும். நடுவில் கருத்த தடித்த இலை லிஹேரோ. செடியின் உச்சியில் வெயில் குடித்து வளர்ந்தது, காட்டம் அதனுடையது, மெதுவாக எரியும். அதைச் சுற்றி வாசனைக்கு செக்கோ, தீ அணையாமலிருக்க வொலாடோ. லிஹேரோ ஓரத்துக்கு ஒதுங்கியிருந்தால் அந்தப் பக்கம் எரியாமல் பின்தங்கும்.

வாய்ப் பக்கத்தில் தொப்பிபோல ஒட்டிய இலையின் கோடு தெரியும். அந்தக் கோட்டுக்கு மேலேயே, ஒன்றரை அல்லது இரண்டு மில்லிமீட்டர்தான் வெட்ட வேண்டும். கோட்டைத் தாண்டினால் மேலிலை பாதியில் உரிந்து வரும். நம் திருச்சிச் சுருட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை, இரு பக்கமும் திறந்தே இருக்கும். ஆங்கிலத்துக்கு 'செரூட்' என்ற சொல்லைக் கொடுத்ததும் நம் 'சுருட்டு'தான். வெட்டியபின் பற்றவைக்காமல் ஒரு முறை இழுத்துப் பாருங்கள். ஸ்ட்ராவில் நீர்மோர் குடிப்பதைவிடச் சற்றே கூடுதல் இழுவை இருக்க வேண்டும். இந்த வெறும் இழுப்பிலேயே உலர் திராட்சை, வைக்கோல், மரப்பெட்டி என்று ஏதாவது நாக்கில் தட்டினால் சுருட்டு உயிரோடு இருக்கிறது. ஒன்றுமே இல்லையென்றால் தீ வைத்தாலும் ஒன்றும் வராது.

பெட்ரோல் லைட்டர் வேண்டாம், முதல் கால் மணி நேரமும் அதன் நாற்றம்தான் வரும். பூட்டேன் லைட்டர் போதும். தீக்குச்சி என்றால் மருந்து எரிந்து முடியட்டும். சுடரை ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, வாயில் வைக்காமல், சுருட்டைச் சுழற்றி விளிம்பு முழுக்கக் கருக்குங்கள். ஊதிப் பார்த்தால் கனல் சீராகத் தெரிய வேண்டும். பிறகுதான் முதல் இழுப்பு.

நிமிடத்துக்கு ஓர் இழுப்பு, அதற்கு மேல் வேண்டாம். ரொபுஸ்தோ அளவு, அதாவது 124 மில்லிமீட்டர் நீளச் சுருட்டு, முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் போக வேண்டும். அவசரமாக இழுத்தால் சூடேறித் தார் கசியும், நாக்கு சுடும். பத்து வருடம் காத்த பக்குவம் பத்து நிமிடத்தில் போய்விடும். ஒரு பக்கம் ஓடி எரிந்தால் பின்தங்கிய பக்கத்தை மட்டும் சுடரால் தொடுங்கள். அணைந்தால் சாம்பலைத் தட்டி, வெளிப்பக்கமாக ஒரு முறை ஊதிப் பழைய புகையை வெளியேற்றி, மறுபடி கருக்குங்கள்.

புகை வாய்க்குள்தான், நுரையீரலுக்கு இல்லை. வாயில் உருட்டி வெளியே விடும்போது கால் பங்கை மட்டும் மூக்கு வழியே விட்டால் நாக்குக்குத் தெரியாத வாசனைகள் தெரியும். இதை மூன்று நான்கு முறைக்கு மேல் செய்தால் மூக்கு மரத்துப்போகும். அயல்நாட்டார் தேன், தோல், கோக்கோ என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. நம் நாக்குக்குக் கருப்பட்டி, சுக்கு, வறுத்த மல்லி, புதிதாக இழைத்த பலகை என்று தோன்றினால் அப்படியே குறித்துக்கொள்ளலாம். பக்கத்தில் தண்ணீர் மட்டும். பீடா போட்ட வாயோடு உட்கார்ந்தால் அன்றைய மாலை வீண்.

பிரெஞ்சுக்காரர்கள் சுருட்டின் மூன்று பகுதிகளையும் எதுகையாகச் சொல்வார்கள்: முதலில் வைக்கோல், நடுவில் தெய்வீகம், கடைசியில் சாணித் தண்ணீர். பழைய சுருட்டில் இந்தக் கடைசிப் பகுதி அவ்வளவு கசக்காது, ஆபத்தே அதில்தான் இருக்கிறது. புதுச் சுருட்டின் காட்டம் 'போதும்' என்று சொல்லித் தடுக்கும். பழையது தடுக்காது, விரல் சுடும்வரை இழுக்க வைக்கும். மென்மையானதால் தீங்கும் குறைந்துவிட்டது என்று நினைக்கிறவர்கள் ஏராளம். போனது அமோனியாவும் துவர்ப்பும் மட்டுமே. உலரும்போதும் புளிக்கும்போதும் இலையில் உருவான நைட்ரோசமின் என்ற புற்றுநோய்ப் பொருள்கள் வருடக்கணக்கில் வைத்தாலும் பறந்துபோவதில்லை.

உள்ளே இழுக்காததால் தப்பிவிட்டோம் என்பதும் சரியல்ல. சிகரெட் புகைக்கு அமிலத் தன்மை, சுருட்டுப் புகைக்குக் காரத் தன்மை. அதனால் நிகோடின் வாயின் உட்தோல் வழியாகவே ரத்தத்தில் ஏறும். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் கணக்கில், சிகரெட்டில் சராசரி 8 மில்லிகிராம் நிகோடின், பெயர்பெற்ற பெரிய சுருட்டுகள் பலவற்றில் 100 முதல் 200 மில்லிகிராம். வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், நுரையீரல் ஆகிய இடங்களில் சுருட்டு புற்றுநோய் உண்டாக்குகிறது என்பது நிறுவப்பட்டது. சுருட்டை விடாத சிக்மண்ட் ஃப்ராய்டுக்கு 1923-இல் வாய்ப் புற்றுநோய் தெரிந்தது. முப்பதுக்கு மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகளுக்குப் பிறகு 1939-இல் இறந்தார். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த கிரான்ட் 1885-இல் தொண்டைப் புற்றுநோயில் போனார், அவரும் சுருட்டுப் பிரியர்.

பிடிக்காதவர் இதைப் படித்துத் தொடங்கவேண்டிய அவசியம் ஒன்றும் இல்லை. பிடிக்கிறவர் வெறும் வயிற்றில் உட்காரக் கூடாது. நெற்றி வியர்த்து, தலை சுற்றி, எச்சில் ஊறி, குமட்டல் வந்தால் நிகோடின் மீறிவிட்டது. சுருட்டை வைத்துவிட்டுக் காற்றோட்டத்தில் உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள், கொஞ்சம் சர்க்கரை வாயில் போடுங்கள். மாரில் வலியோ மயக்கமோ வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வாய்க்குள் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ ஆறாத புண்ணோ இரண்டு வாரம் தாண்டியும் நின்றால் மருத்துவரிடம் காட்டுங்கள், அது நெருப்பு சுட்ட புண் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். வீட்டுக்குள், குழந்தைகள் இருக்கும் இடத்தில் கூடவே கூடாது. ஒரு மணி நேரம் எரியும் சுருட்டு அந்த நேரம் முழுவதும் அறையில் இருப்பவர்களுக்கும் புகை கொடுக்கிறது. பொது இடத்தில் புகைப்பதும் 18 வயது நிரம்பாதவருக்கு விற்பதும் இந்தியாவில் குற்றம்.

விரலில் சூடு உறைக்கத் தொடங்கும்போது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிச்சமிருக்கையில், கீழே வைத்துவிடுங்கள். நசுக்கி அணைத்தால் பழைய தார் நாற்றம் அறை முழுக்க எழும்பும். சாம்பல் கிண்ணத்தின் விளிம்பில் சும்மா கிடத்தினால் சில நிமிடங்களில் தானே அணையும். ஆறியதும் கட்டையையும் சாம்பலையும் தண்ணீரில் நனைத்து வெளியே கொட்டுங்கள்.