முட்டில் நீர், தொடையில் பூட்டு

"மேட்டில் ஏறும்போது அம்மா எப்படியோ சமாளித்துவிடுகிறார். கொழுந்துக் கூடையோடு சரிவில் இறங்கினால்தான் முட்டு சட்டென்று மடிந்துபோகிறது. ஏன்?" மூணாறு தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு வாசகியின் கேள்வி.

இறங்கும்போது முன்தொடைத் தசைக்கு பிரேக் வேலை. நீண்டுகொண்டே பாரத்தையும் பிடித்து நிறுத்த வேண்டும். அது தளர்ந்தால் முட்டு மடியும். வயசாச்சு, எலும்பு தேய்ஞ்சாச்சு என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அது பாதிக் கதைதான்.

தேய்ந்த குருத்தெலும்பின் துணுக்குகள் மூட்டின் உட்சவ்வை உறுத்துகின்றன. சவ்வு வீங்கி அழற்சிப் பொருள்களைச் சுரக்கிறது, நீர் கோர்க்கிறது. அந்த நீர் செய்யும் வேலைதான் விசேஷம்.

மூட்டு உறையில் இழுவையை உணரும் நரம்பு முனைகள் உண்டு. நீர் உறையைப் புடைக்க வைத்ததும் அவை தண்டுவடத்துக்குத் தகவல் அனுப்பும். தண்டுவடம் மூளையைக் கேட்டுக்கொண்டு நிற்காது. முன்தொடைத் தசையை இயக்கும் நரம்பணுக்களைத் தானே அடக்கிவிடும். 1984-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நல்ல முட்டுக்குள் உப்புநீரைச் சிறிது சிறிதாக ஏற்றிப் பார்த்தார்கள். 20–30 மில்லி ஏறியதுமே, முட்டுச் சில்லுக்கு மேலே உட்பக்கமாகத் திரண்டிருக்கும் தசை அடங்கத் தொடங்கியது. மற்றத் தொடைத் தசைகளுக்கு 50–60 மில்லி தேவைப்பட்டது. ஐந்தாறு தேக்கரண்டி நீர், அவ்வளவு பெரிய தசையை அடக்கிவிடுகிறது! இதற்கு வலிகூட வேண்டியதில்லை. மூட்டுக்குள் மரப்பு மருந்து செலுத்தினால் இந்தப் பூட்டு தளர்கிறது. மாதக்கணக்கில் பூட்டியே கிடந்தால் தசை நிஜமாகவே சூம்பும்.

நீர் இருக்கிறதா என்று பார்க்க, காலை நீட்டி, சில்லின் உட்பக்கக் குழியைக் கீழிருந்து மேலாகத் தடவிவிடுங்கள். பிறகு வெளிப்பக்கத்தை மேலிருந்து கீழாகத் தடவுங்கள். உட்பக்கக் குழி மறுபடி உப்பினால் நீர்தான். அதை ஊசியில் எடுத்தால் முட்டு வறண்டுவிடும் என்ற பயம் வீண். நல்ல முட்டில் இருப்பதே சில மில்லிதான். அழற்சி அடங்காவிட்டால் திரும்ப ஊறும், அது வேறு விஷயம். கேரள எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குழம்பு என்கிற மருந்துத் தைலம் தேய்க்காத வீடு இல்லை. தேய்ப்பது இதம்தான், ஆனால் அதனால் நீர் வற்றாது. வீங்கிச் சுடும் முட்டில் சூட்டு ஒத்தடம் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை.

ஈரத்துண்டில் சுற்றிய ஐஸை 20 நிமிடம் வையுங்கள். பூட்டு சற்று நேரம் தளரும். அந்த நேரத்திலேயே பயிற்சி. முட்டுக்கு அடியில் சுருட்டிய துண்டு, கால்விரல்கள் உங்களை நோக்கி, துண்டைக் கீழே அழுத்தி 5 விநாடி. பத்து முறை, மூன்று சுற்று. மூச்சைப் பிடிக்காதீர்கள். மறுநாள் வீக்கம் கூடியிருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள். இரவு முழுக்க முட்டுக்கு அடியில் தலையணை வேண்டாம். மடங்கிய நிலை சுகமாக இருக்கும், ஆனால் நாளடைவில் கால் முழுதாக நீளாது. முட்டு சிவந்து காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

இனி சரிவு. கூடையை இறக்கிவிட்டு, கம்பை வலியில்லாத பக்கத்துக் கையில் பிடித்து, வலிக்கிற காலை முதலில் கீழே வைக்கச் சொல்லுங்கள். பிரேக் போடுவது மேலே நிற்கும் கால்தான்.