முதலில் துணி, பிறகு மிஷின்

கோபிசெட்டிபாளையத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வீட்டிற்குப் போன வருடம் மிஷின் பார்க்கப் போயிருந்தேன். சாப்பாட்டு மேசையின் மேல் வெள்ளை நிறத்தில் சிறிய மோட்டார் மிஷின். துணியை அழுத்திப் பிடிக்கும் அதன் பாதத்துக்கு அடியில், பவானி ஜமக்காளத்தில் வெட்டிய பை ஒன்று பாதி தைத்தபடி மாட்டிக்கொண்டிருந்தது. கைப்பிடி வந்து சேரும் இடத்தில் ஜமக்காளம் நான்கு மடிப்பு. அதற்குள் இறங்கிய ஊசி மேலே ஏறவில்லை. பெடலை அழுத்தினால் மோட்டார் உறுமியது; ஊசி அசையவில்லை. மூடியைக் கழற்றினேன். உள்ளேயிருந்த பிளாஸ்டிக் பல்சக்கரத்தில் மூன்று பற்கள் மழுங்கியிருந்தன.

"எனக்குக் கை வரவில்லை தம்பி. இந்த வயதில் ஆசைப்பட்டிருக்கக் கூடாது" என்றார்.

அந்தப் பையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். ஓரத்திலிருந்து அரை அங்குலம் விட்டு, கோடு போட்டதுபோல் ஓடியிருந்தது தையல். ஒரு மாதம் பழகிய கை அப்படித் தைப்பது அபூர்வம். "டீச்சர், உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை. இந்தத் துணிக்கு இந்த மிஷின் ஆகாது" என்றேன். வாங்கும்போது என்ன தைக்கப் போகிறீர்கள் என்று அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை.

ஈரோட்டைச் சுற்றி 26 வருடமாகத் தையல் மிஷின் பழுது பார்க்கிறேன். பழைய சேலையைப் போர்த்தி மூலையில் தள்ளிவைத்த மிஷின்களை எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன். கல்யாணச் சீராக வந்தது, அரசின் இலவசத் திட்டத்தில் கிடைத்தது, தள்ளுபடியில் வாங்கியது என்று எல்லா வகையும் உண்டு. பெரும்பாலானவை நன்றாக ஓடக்கூடியவை. தைக்க ஆசைப்பட்டவர்கள்தான் மனம் விட்டுப்போயிருக்கிறார்கள். அதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. மிஷின் கடைக்குப் போகும் முன்பே எந்தத் துணியைத் தைக்கப் போகிறோம் என்று முடிவு செய்துகொண்டால் இதில் பாதி நேராது.

ரவிக்கை, உள்பாவாடை, தலையணை உறை, திரைச்சீலை, குழந்தைக்குப் பருத்திப் பாவாடை சட்டை. இவைதான் உங்கள் ஆசை என்றால் மிதிமேசை மேல் கறுப்புத் தலை உட்கார்ந்திருக்கும் நம் ஊர் மிஷின் போதும். நேர்த்தையல் மட்டுமே போடும். ஆனால் உடம்பு வார்ப்பிரும்பு, உள்பாகங்களும் இரும்பு. முப்பது நாற்பது வருடம் உழைத்த தலைகளை இன்றும் திறந்து எண்ணெய் விடுகிறேன். உதிரிபாகம் சின்ன ஊரிலும் கிடைக்கும். புதிதாகப் பழகுகிறவர் காலால் மிதித்துப் பழகுவதே நல்லது. வேகம் உங்கள் காலடியில் இருப்பதால் துணி கையை மீறி ஓடாது. மூட்டுவலி உள்ளவர்கள் அதே தலைக்கு ஒரு சின்ன மோட்டாரைப் பொருத்திக்கொள்ளலாம்.

ஊசி வலமும் இடமும் மாறி வளைந்து தைக்கும் வெள்ளை ஜிக்ஜாக் மிஷின் காஜா எடுக்கும், ஓரம் பிரியாமல் தைக்கும், தூக்கி அலமாரியில் வைத்துவிடலாம். மெல்லிய துணிக்கும் நடுத்தரத் துணிக்கும் நம்பி வாங்கலாம். தடித்த துணி மடிப்பு மடிப்பாக ஏறினால் திணறும்.

திருப்பூரிலிருந்து, தொழிற்சாலையில் ஓடிய பழைய பவர் மிஷினை மலிவாக வாங்கி வருகிறவர்களும் உண்டு. அது நிமிடத்துக்கு 4,000, 5,000 தையல் போடக்கூடியது; வீட்டு மிஷின் ஆயிரத்தை ஒட்டி நின்றுவிடும். தொழிலுக்கு அந்த வேகம் வேண்டும். பழகுகிறவர் கையில் அது துணியைப் பறித்துக்கொண்டு போகும். பழைய கிளட்ச் மோட்டார் என்றால் தைக்காத நேரத்திலும் சுற்றி மின்சாரம் தின்னும். வாங்கியே ஆகவேண்டும் என்றால் சர்வோ மோட்டார் போட்டதாகப் பாருங்கள், வேகத்தைக் குறைத்துவைத்துப் பழகலாம். உள்ளங்கையில் அடங்கும் பேட்டரி மிஷின் மட்டும் வேண்டவே வேண்டாம். பெரும்பாலும் அது ஒற்றை நூலில் சங்கிலித் தையல் போடும். ஒரு முனை அவிழ்ந்தால் மொத்தமும் உருவிக்கொண்டு வந்துவிடும்.

நான் அதிகம் பார்க்கும் ஏமாற்றம் பனியன் துணியில்தான். திருப்பூர் பக்கத்தில் இருப்பதால் கட்டிங்கில் மிஞ்சிய பிட் துணி கிலோக் கணக்கில் கிடைக்கிறது. குழந்தைக்கு உள்சட்டை தைக்கலாம் என்று இரண்டு கிலோ வாங்கி வருகிறார்கள். வீட்டில் இருப்பது நேர்த்தையல் மிஷின். நான்கு தையல் விழும், ஐந்தாவது விழாது. மிஷின் கெட்டுவிட்டது என்று என்னை அழைக்கிறார்கள்.

ஊசி கீழே போய், திரும்ப மேலே ஏறத் தொடங்கும்போது நடப்பதைத் தெரிந்துகொண்டால் இது புரிந்துவிடும். சுமார் 2 மில்லிமீட்டர் ஏறியதும் ஊசிக்காதின் அருகில் நூல் தளர்ந்து சின்ன வளையமாகப் புடைக்கும். தட்டுக்கு அடியில் போய்வரும் கொக்கியான ஷட்டிலின் முனை அந்த வளையத்துக்குள் நுழையும். வளையம், கீழ்நூல் சுற்றிய சின்னக் கண்டான பாபினைச் சுற்றி வந்து கீழ்நூலோடு பூட்டிக்கொண்டால் ஒரு தையல். ஊசியின் காதை முனைக்கருகில் வைத்து, இரண்டு நூலைப் பூட்டும் இந்த முறைக்கு எலியாஸ் ஹோவ் 1846-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். அடிப்படை இன்றும் அதுதான். நெய்த துணி, ஊசி ஏறும்போது தட்டின் மேல் படிந்தே இருக்கும். பனியன் துணி நெய்யாமல் பின்னியது, அது ஊசியோடு சேர்ந்து மேலே எழும்பும். துணி எழும்பினால் நூல் தளராது, வளையம் புடைக்காது, ஷட்டில் வெறுமனே போய்வரும். அதுதான் விடுபட்ட தையல். கூர் ஊசி பின்னல் இழையை அறுத்துவிடவும் செய்யும், நான்கு துவைப்பில் அங்கே ஓட்டை விழும். முனை உருண்ட பால்பாயிண்ட் ஊசி இழைகளை விலக்கிக்கொண்டு இறங்கும். அதை மாட்டினால் தையல் பெரும்பாலும் விழுந்துவிடும். ஆனால் நேர்த்தையலுக்கு இழுவை கிடையாது. குழந்தையின் தலை நுழையும்போது கழுத்துத் தையல் பட்டென்று அறும். பனியன் துணிதான் தைப்பேன் என்பவர்கள் ஜிக்ஜாக் மிஷினே வாங்குங்கள்.

பழகுவதற்கு, வெளுக்காத பருத்தியான காடாத்துணியை மிஞ்சியது எதுவும் இல்லை. வழுக்காது, சாக்பீஸ் கோடு நன்றாகத் தெரியும், பிரித்துத் தைத்தாலும் தாங்கும். அதன் பிறகு பாப்ளின், கேம்ப்ரிக் போன்ற நெருக்கமாக நெய்த துணிகள். வழுக்கும் ஜார்ஜெட்டும் சாட்டினும் ஆறு மாதம் காத்திருக்கட்டும். ஈரோடு கனி மார்க்கெட்டில் திங்கட்கிழமை இரவு தொடங்கும் ஜவுளிச் சந்தை செவ்வாய்க்கிழமையும் நடக்கும். அங்கே போனால் விலையைக் கேட்கும்போதே பன்னாவையும், அதாவது துணியின் அகலத்தையும், கேளுங்கள். 36 அங்குலப் பன்னாவுக்கும் 44 அங்குலப் பன்னாவுக்கும் ஒரே மீட்டர் கணக்கு ஆகாது. பருத்தி என்று சொல்லித் தந்த துணியில் சந்தேகம் வந்தால் ஓரத்தில் நான்கு இழை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டியின் மேல் வைத்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம்போல் எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கறுத்து, ஆறியதும் கெட்டி மணியாக நிற்கும். பட்டில் தலைமுடி கருகும் வாசம் வரும்.

துணியை நனைக்காமல் வெட்டுவதைப் பற்றி எத்தனை முறை சொன்னாலும் எனக்கு ஆறவில்லை. நனைக்காத பருத்தித் துணி முதல் துவைப்பில் நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு வரை சுருங்குவது சாதாரணம். 36 அங்குலச் சுற்றளவில் 5 பங்கு என்பது ஏறக்குறைய 2 அங்குலம். ரவிக்கையில் இது இரட்டைத் தொல்லை. மேல்துணி பாலியெஸ்டர் கலந்தது, அது சுருங்காது. உள்ளே கொடுத்த லைனிங் பருத்தி, அது சுருங்கும். இரண்டும் ஒரே தையலில் பூட்டப்பட்டிருப்பதால், துவைத்த மறுநாள் மேல்துணி எங்கும் கொப்பளம்போல் தூக்கிக்கொள்ளும். அளவு தவறிவிட்டது என்று அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். அளவு சரியாகத்தான் இருந்தது. லைனிங்கை இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து, முறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்தி, சற்று ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட்டுவிட்டு வெட்டுங்கள். துணியின் நீளத்தில் ஓடும் பாவு இழை உடம்பின் நீளவாக்கில் வருகிறதா என்று பார்த்து வெட்டுங்கள். துண்டு பற்றவில்லை என்று கோணலாக வைத்து வெட்டிய முன்பக்கம் போகப்போக முறுக்கிக்கொள்ளும், அதை எந்த மிஷினாலும் நேராக்க முடியாது.

என்னிடம் வரும் புகார்களில் அடிக்கடி கேட்பது, கீழே நூல் கூடு கட்டுகிறது என்பது. உடனே எல்லோரும், பாபின் உட்காரும் உறையான பாபின் கேஸின் சின்னத் திருகைத் திருகிவிடுகிறார்கள். கைவைக்காதீர்கள். கீழே சிக்கினால் கோளாறு பெரும்பாலும் மேலே இருக்கும். பாதத்தை இறக்கிவைத்துக்கொண்டு நூல் கோத்தால், மேல்நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் இறுகி மூடியிருப்பதால் நூல் அவற்றுக்கு நடுவே போகாமல் வெளியே நழுவி நிற்கும். பாதத்தைத் தூக்கிவிட்டு மறுபடி கோத்துப் பாருங்கள்.

ஊசியைத் துணிக்கேற்ப மாற்றவேண்டும். மெல்லிய வாயில் துணிக்கு 11-ஆம் எண் ஊசி, சாதாரணப் பருத்திக்கு 14, ஜீன்ஸுக்கு 16, ஜமக்காளத்துக்கு 18. எட்டு மணி நேரம் தைத்த ஊசியை எறிந்துவிடுங்கள். மழுங்கிய ஊசி துணிக்குள் இறங்கும்போது 'டப் டப்' என்று தனியாகச் சத்தம் கேட்கும்.

எண்ணெய் விஷயத்தில் கெஞ்சிக் கேட்கிறேன், தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். நாளாக நாளாக அது பஞ்சுத் தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும், மார்கழிக் குளிரில் உறைந்தும் போகும். சக்கரம் அசையவில்லை என்று வரும் மிஷின்களில் மண்ணெண்ணெய் விட்டு அந்தப் பழுப்புப் பிசினைக் கரைத்து எடுப்பதற்கே எனக்கு அரை நாள் போகிறது. மிஷின் எண்ணெய் ஒரு சின்னப் புட்டி வீட்டில் பல மாதம் வரும்.

மோட்டார் மிஷினில் ஊசி மாற்றும்போதும் நூல் கோக்கும்போதும் சுவிட்சை அணைத்துவிடுங்கள். காலை எடுத்துவிட்டால் போதாது. பெடல் மேல் குழந்தை கைவைத்து, தாயின் ஆள்காட்டி விரலில் ஊசி நகத்தோடு இறங்கியதைப் பார்த்தவன் நான். ஊசி இறங்கினால் மருத்துவமனைக்குப் போய், முனை உள்ளே முறிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி, தடுப்பூசியும் கேளுங்கள்.

கோபி டீச்சரின் வெள்ளை மிஷினுக்குப் புதுப் பல்சக்கரம் போட்டுக் கொடுத்தேன். பேத்திக்கு கவுன் தைக்க அது போதும். ஜமக்காளப் பைக்கு ஒரு பழைய கறுப்புத் தலையைத் தேடி இரண்டு பேரும் ஈரோட்டில் ஒரு கடைக்குப் போனோம். பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றச் சொன்னேன். முதல் தலையில் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் தடுக்கியது, விட்டுவிட்டோம். இரண்டாவது சீராகச் சுற்றியது. ஊசிக்கம்பியைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தேன், ஆட்டம் இல்லை. ஷட்டிலைக் கழற்றி அதன் முனையை நகத்தில் உரசிப் பார்த்தேன், கூர் இருந்தது. பிறகு மேலே சிவப்பு நூல், கீழே வெள்ளை நூல் போட்டு, அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த ஜமக்காளத் துண்டிலேயே தைத்தோம். மேல்பக்கம் சிவப்பு மட்டும், அடிப்பக்கம் வெள்ளை மட்டும் தெரிந்தது.

18-ஆம் எண் ஊசியை மாட்டி, அதே துண்டை நான்காக மடித்து அவரிடம் கொடுத்தேன். மடிப்பு வந்ததும் காலை நிறுத்தி, சக்கரத்தைக் கையால் தன் பக்கமாக ஒவ்வொரு தையலாகச் சுற்றிக் கடத்தினார். மறுபுறம் வந்ததும் மிதியில் காலை வைத்துத் தொடர்ந்து தைத்தார்.