படம் ஆகஸ்டில், பாட்டு ஜனவரியில்

பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஷியா ஸ்டேடியம் கச்சேரிப் படத்தில் டிரம்மர் ரிங்கோ ஸ்டார் பாடும் இடம் வந்தால், நான் சத்தத்தை நிறுத்திவிட்டு அவர் உதட்டை மட்டும் பார்ப்பேன். டிரம்ஸ் அடித்துக்கொண்டே 'ஆக்ட் நேச்சுரலி' பாடுகிறார். அப்புறம் சத்தத்தை வைத்து இன்னொரு தடவை பார்ப்பேன். குரல் சுத்தமாக இருக்கிறது, சுருதி விலகவில்லை, மூச்சு வாங்கவில்லை, ஸ்டுடியோவில் பாடியதுபோல் இருக்கிறது. உதடு மட்டும் அங்கங்கே தனிக் கணக்கில் போகிறது.

ஸ்டுடியோ போல என்ன, ஸ்டுடியோவேதான். இசைத்தட்டில் வெளிவந்த பதிவை எடுத்துக் கச்சேரிப் படத்தின் மேல் ஒட்டிவிட்டார்கள். தலைப்பே 'இயல்பாக நடி' என்று இருப்பது கூடுதல் வேடிக்கை.

1965 ஆகஸ்ட் 15, நியூயார்க். பேஸ்பால் மைதானத்தின் நடுவில், இரண்டாம் பேஸ் பக்கத்தில் ஒரு மேடை. அதில் பீட்டில்ஸ் நால்வர், சுற்றிலும் 55,600 பேர். அந்தச் சுற்றுப்பயணத்துக்கென்றே வாக்ஸ் நிறுவனம் 100 வாட் ஆம்ப்ளிஃபயர்கள் செய்து கொடுத்திருந்தது. அன்றைக்கு அது பெரிய சங்கதி. சில ஆண்டுகளுக்கு முன்புவரை அவர்கள் வழக்கமாகப் பயன்படுத்தியது 30 வாட் பெட்டி. மூன்று மடங்குக்கு மேல் சக்தி என்றதும் மூன்று மடங்கு சத்தம் வரும் என்றுதான் நினைப்போம். காது அப்படிக் கணக்குப் போடுவதில்லை. 30 வாட் 100 ஆனால் ஏறுவது 5 டெசிபல் மட்டுமே. கேட்பவருக்கு "கொஞ்சம் கூடியிருக்கிறது" என்று தோன்றும், அவ்வளவுதான்.

ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பார்ப்போம். அந்த கிட்டார் பெட்டிக்கு 1 மீட்டர் தள்ளி 120 டெசிபல் கேட்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும். 50 மீட்டர் போவதற்குள் 34 போய்விடும், மீதி 86. இப்போது எதிர்த்தரப்பு. வீறிட்டுக் கத்தும் ஒரு பெண்ணின் குரல் 1 மீட்டரில் 100 டெசிபல் என்று வைத்தால், 50 மீட்டரில் 66. ஒருத்தி கத்தினால் கிட்டார்தான் ஜெயிக்கும். ஆனால் ஒரே அளவு சத்தம் போடும் ஆட்கள் பத்து மடங்கு கூடும்போதெல்லாம் 10 டெசிபல் ஏறும். பத்துப் பேர் என்றால் 76, நூறு பேர் 86, பத்தாயிரம் பேர் 106. வந்திருந்த 55,600 பேரில் பத்தாயிரம் பேர்தான் கத்தினார்கள் என்று கஞ்சத்தனமாக வைத்தாலும், கிட்டார் 20 டெசிபல் பின்தங்கிவிடுகிறது. அந்த 20 டெசிபலை ஈடுகட்ட 100 வாட் பெட்டி நூறு மடங்கு பெரிதாகி, 10,000 வாட் ஆகியிருக்க வேண்டும்.

அளவு மட்டும் பிரச்சினை இல்லை. நம் காது மிகக் கூர்மையாகக் கேட்பது ஏறக்குறைய 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை. இளம்பெண்கள் வீறிடும் சத்தத்தின் பலம் பெருமளவு அந்தப் பகுதியில்தான் விழுகிறது. சொற்களைப் பிரித்துக் காட்டும் ச, ட, த போன்ற மெய்யொலிகளின் கூர்மையும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் இருக்கிறது. ஆக, பாட்டின் எந்தப் பகுதியை வைத்து வார்த்தையைப் புரிந்துகொள்வோமோ, சரியாக அதன் மேல் கத்தல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பாடியது போய்ச் சேர்ந்ததோ மைதானத்தின் அறிவிப்பு ஒலிபெருக்கிகள் வழியாக. "அடுத்து மட்டை பிடிக்க வருபவர் இன்னார்" என்று சொல்வதற்காகக் கட்டியவை அவை. அதிலும் தூரத்து ஸ்பீக்கர் 100 மீட்டரில் இருந்தால் அதன் சத்தம் வந்துசேர 0.3 விநாடி ஆகும். வேகமான பாட்டில் அதற்குள் கிட்டத்தட்ட ஒரு தாளத் தட்டே கடந்துவிடும்.

மேடையில் நிற்பவர்கள் கதி இன்னும் மோசம். பாடுபவர் தன் குரலைத் தானே கேட்பதற்காக மேடை விளிம்பில் சாய்த்து வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர் அவர்களுக்கு இல்லை. தன் குரல் கேட்காவிட்டால் மனிதன் தன்னை அறியாமல் கத்த ஆரம்பிப்பான். இதை 1911-லேயே எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் விவரித்தார்; லொம்பார் விளைவு என்றே அதற்குப் பெயர். கத்தும்போது சுருதியும் மேலே ஏறும். மூன்று பேர் ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்காமல் சேர்ந்திசை பாடியது எப்படி என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம். ரிங்கோ பின்னாளில் சொன்ன பதில் எளிமையானது: முன்னால் நிற்பவர்களின் தலையாட்டலையும் இடுப்பசைவையும் பார்த்துத்தான் பாட்டு எங்கே போகிறது என்று கண்டுபிடித்தாராம். அவர் காதால் இல்லை, கண்ணால் டிரம்ஸ் வாசித்திருக்கிறார்.

சரி, இப்படி ஒரு கச்சேரியைப் பதிவு செய்தால் என்ன கிடைக்கும்? எல்லா மைக்கிலும் கத்தல். பாதி மெலிந்துபோன பேஸ் கிட்டார். அதனால் 1966 ஜனவரி 5 அன்று லண்டனில் சி.டி.எஸ் ஸ்டுடியோவில் நால்வரும் கூடினார்கள். நம் ஊரில் டப்பிங் தியேட்டரில் நடப்பதேதான். திரையில் படம் ஓட, அதில் தெரியும் தங்கள் வாயையும் விரலையும் பார்த்துத் தாங்களே திரும்ப வாசித்தார்கள். சில பாட்டில் பேஸ் மட்டும் மேலே சேர்த்தார்கள். 'ஐ ஃபீல் ஃபைன்', 'ஹெல்ப்' இரண்டையும் முழுக்கப் புதிதாகப் பாடினார்கள். 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' பாட்டுக்கு அதே ஆகஸ்ட் கடைசியில் ஹாலிவுட் பவுல் அரங்கில் பதிந்த ஒலி கைகொடுத்தது. இப்படி ஒட்டுப்போட்ட படத்தை அந்த மார்ச் 1 அன்று பி.பி.சி ஒளிபரப்பியது. பார்த்தவர்களில் எத்தனை பேர் சந்தேகப்பட்டிருப்பார்கள்? அதிகம் இருக்காது.

ஏன் என்றால் நம் மூளை இந்த விஷயத்தில் பெருந்தன்மையானது, ஆனால் ஒரு பக்கம் மட்டும். ஒலி படத்துக்குப் பின்னால் 125 மில்லி விநாடி வரை தாமதித்தாலும் பெரும்பாலோர் கவனிக்க மாட்டார்கள். முந்தினால் 45 மில்லி விநாடியிலேயே உறுத்தத் தொடங்கும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஒளிபரப்புக்குத் தந்திருக்கும் கணக்கு இது. காரணம் யோசித்தால் புரியும். ஆற்றின் அக்கரையில் ஒருவர் துணி துவைக்கும்போது துணி கல்லில் விழுவது முதலில் தெரிகிறது, சத்தம் பின்னால் வருகிறது. பிறந்த நாளிலிருந்து மூளை பார்த்த உலகம் அது. சத்தம் முந்தி வருவது இயற்கையில் நடக்காத காரியம், அதனால்தான் உடனே பிடித்துவிடுகிறது. கச்சேரிப் படம் ஒத்துப்போகிறதா என்று சோதிக்க உதட்டைவிட நல்ல இடம் டிரம்ஸ். குச்சி சிம்பலைத் தொடும் கணம் ஒரே ஒரு ஃபிரேமில்தான் இருக்கும். ஃபிலிமில் ஒரு ஃபிரேம் என்பது 42 மில்லி விநாடி.

டப்பிங் இல்லாமல், அந்த இடத்துச் சத்தத்தையே படத்தோடு சேர்ப்பது அந்தக் காலத்தில் சுலபமில்லை. இன்று போனில் படமும் ஒலியும் ஒரே கோப்பாக வருகிறது. அன்று ஃபிலிம் கேமராவில் ஓடியது, ஒலி வேறொரு பெட்டியில் காந்த நாடாவில் ஓடியது. தொடக்கத்தைப் பொருத்தக் கிளாப் பலகை இருக்கிறது: பலகை மூடும் ஃபிரேமையும் 'டக்' என்ற சத்தத்தையும் ஒன்றாக வைத்தால் போதும். ஆனால் இரண்டு மோட்டார்கள் ஒரே வேகத்தில் ஓடாது. ஆயிரத்தில் ஒரு பங்கு வேறுபாடு போதும், பத்து நிமிடத்தில் 0.6 விநாடி விலகிவிடும். ரிங்கோ அடித்து முடித்துக் கையைத் தூக்கிய பிறகு சத்தம் வரும்.

ஃபிலிமின் ஓரத்தில் துளைகள் உண்டு. பல்சக்கரம் அதைப் பிடித்து இழுப்பதால் எத்தனை ஃபிரேம் போனது என்பதில் குழப்பமே வராது. நாடாவில் துளை கிடையாது, நழுவும், இழுபடும். இதற்குக் கண்டுபிடித்த வழி பைலட் டோன். கேமரா மோட்டாரிலிருந்து வரும் ஒரு துடிப்பை, பேச்சும் பாட்டும் பதியும் அதே நாடாவில், காதுக்குக் கேட்காதபடி சேர்த்துப் பதிவார்கள். காந்தத்தால் போட்ட துளை என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு நாடாவை ஓட்டும்போது அந்தத் துடிப்பை எண்ணி வேகத்தைத் திருத்திக்கொள்வார்கள். இதில் பேர்போன கருவி நாக்ரா. போலந்தில் பிறந்து சுவிட்சர்லாந்தில் குடியேறிய ஸ்டெஃபான் குடெல்ஸ்கி செய்தது. போலிஷ் மொழியில் அந்தப் பெயருக்குப் 'பதிவு செய்யும்' என்று பொருள். அப்புறம் குவார்ட்ஸ் படிகம் வந்தது. கேமராவிலும் பதிவுக் கருவியிலும் ஆளுக்கொரு படிகம் துடித்தால், இடையில் வயரே தேவையில்லை.

இவ்வளவும் கைக்கு வந்த காலத்தில் நடந்தது பீட்டில்ஸின் கடைசிப் பொதுக் கச்சேரி. 1969 ஜனவரி 30, லண்டன், சவில் ரோ 3-ஆம் எண் கட்டடத்தின் மொட்டை மாடி. மொத்தம் 42 நிமிடம். கேமராக்கள் மாடியில், எதிர்க் கட்டடத்தில், தெருவில். வரவேற்பறையில்கூட ஒன்றை ஒளித்து வைத்திருந்தார்கள். 16 மில்லிமீட்டர் ஃபிலிமின் 400 அடிச் சுருள் 11 நிமிடத்தில் தீர்ந்துவிடும் என்பதால் ஒருவர் சுருள் மாற்றும்போது இன்னொருவர் ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மாடியில் பிடித்த ஒலி வயர்கள் வழியே அடித்தளத்து ஸ்டுடியோவுக்கு இறங்கி, 8 தடப் பதிவுக் கருவிக்குப் போனது. பால் மெக்கார்ட்னி, ஜான் லெனன் குரல்கள், கிட்டார்கள், பேஸ், டிரம்ஸ், விருந்தாளியாக வந்த பில்லி பிரெஸ்டனின் மின் பியானோ. எட்டில் ஒரு தடத்தில் பாட்டே இல்லை. படக்குழுவுக்கான ஒத்திசைவுத் துடிப்புக்கென்று அதை ஒதுக்கிவிட்டார்கள்.

அன்று கத்தல் இல்லை, காற்று இருந்தது. ஜனவரிக் குளிரில் ஜான் தன் காதலி யோகோவின் கம்பளிக் கோட்டையும், ரிங்கோ தன் மனைவியின் சிவப்பு மழைக்கோட்டையும் மாட்டிக்கொண்டு வந்தார்கள். மனிதனுக்குக் கோட்டு சரி, மைக்குக்கு? காற்று மைக்கின் மெல்லிய தகட்டில் மோதிச் சுழலும்போது பூம் பூம் என்று ஒரு முழக்கம் பதியும். வெளியே நிற்பவருக்குக் கேட்காத சத்தம் அது. அப்போது இருபது வயதே ஆன உதவியாளர் ஆலன் பார்சன்ஸை, பெண்கள் அணியும் நைலான் காலுறை வாங்கிவரக் கடைக்கு அனுப்பினார்கள். என்ன அளவு என்று கடையில் கேட்டபோது, எதுவானாலும் பரவாயில்லை என்று சொல்லி அவர் விழித்த கதையைப் பிறகு அவரே சொல்லியிருக்கிறார். அந்த நெருக்கமான வலை, வேகமாக வரும் காற்றோட்டத்தை உடைத்து மெதுவாக்கிவிடும். ஒலி என்பது காற்று நகர்ந்து போவதில்லை, அழுத்தம் முன்னும் பின்னும் துடிப்பது. அதனால் அது வலையைத் தாண்டி உள்ளே போய்விடும்.

மாடிக் கச்சேரிக்கு எட்டுத் தடம் கிடைத்தது. அந்த மாதம் முழுக்க நடந்த ஒத்திகைப் பேச்சுகள் பெரும்பாலும் நாக்ராவில் ஒற்றைத் தடமாகக் கிடந்தன. 2021-இல் வெளிவந்த தன் 'கெட் பேக்' தொடருக்காக இயக்குநர் பீட்டர் ஜாக்சன் கையில் எடுத்தது சுமார் 60 மணி நேரப் படமும் 150 மணி நேர ஒலியும். ஒலியில் பேச்சு, கிட்டார், டிரம்ஸ் எல்லாம் ஒரே அலையாகக் குழைந்திருக்கிறது. படப்பிடிப்பு மைக் தங்கள் அந்தரங்கப் பேச்சைப் பிடித்துவிடக் கூடாது என்று வேண்டுமென்றே கிட்டாரைத் தட்டிக்கொண்டே பேசியிருக்கிறார்கள் என்கிறார் ஜாக்சன். கறந்த பால் மடிக்குத் திரும்பாது என்பார்கள். ஒலிப்பொறியாளர்களும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்தார்கள்.

ஜாக்சனின் குழு செய்தது கணினிக்குக் காது பழக்கியது. ஒலியை நேரம் ஒரு பக்கம், அலைவெண் ஒரு பக்கமாக விரித்தால் ஒரு கோலம்போல் தெரியும். கிட்டார் நரம்பு மீட்டிய கணத்தில் பளிச்சென்று எழுந்து, சம இடைவெளியில் அடுக்கடுக்காகக் கோடு போட்டு, மெல்லத் தேயும். மனிதக் குரலிலும் அடுக்கு உண்டு, ஆனால் அது வளைந்து நெளியும். டிரம்ஸ் செங்குத்தாக ஒரு கீறல். ஒவ்வொன்றும் தனியாக ஒலிக்கும் மாதிரிகளை ஏராளமாகக் கொடுத்தால், கோலத்தின் எந்தப் புள்ளி யாருடையது என்று வலைப்பின்னல் மென்பொருள் ஊகிக்கப் பழகிவிடும். அப்புறம் கிட்டாரின் புள்ளிகளை மட்டும் மூடினால் பேச்சு மிஞ்சும். அந்த மென்பொருளுக்கு வைத்த பெயர் மால். பீட்டில்ஸின் உதவியாளர் மால் எவன்ஸின் நினைவாக. முழுக்கத் துல்லியம் என்று சொல்ல மாட்டேன். ஒரே புள்ளியில் இருவர் உட்கார்ந்திருந்தால் மென்பொருள் யூகம்தான் செய்கிறது, அப்போது குரலில் லேசாகத் தண்ணீருக்குள் பேசுவதுபோல் ஒரு வழவழப்பு வரும். ஹெட்போனில் கேட்டால் தெரியும்.

மாடிக்குத் திரும்புவோம். 'டிக் எ போனி' பாடும்போது ஜானுக்கு வரிகள் நினைவில்லை. ஓர் உதவியாளர் எதிரில் மண்டியிட்டு, எழுதிய தாளைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். 'டோன்ட் லெட் மி டவுன்' பாட்டுக்கு அப்படி யாரும் இல்லை. இரண்டாம் சரணத்துக்கு வருகிறார், வரி வரவில்லை. நிறுத்தவுமில்லை. எந்த மொழியிலும் சேராத ஏதோ நாலு அசையை மெட்டுக்குப் பொருத்தி உளறிவிட்டுச் சிரிக்கிறார். ஷியாவாக இருந்திருந்தால் ஜனவரியில் ஸ்டுடியோவுக்குப் போய் சரியான வரியைப் பாடி ஒட்டியிருப்பார்கள். இங்கே சத்தத்தை நிறுத்திவிட்டு உதட்டை மட்டும் பாருங்கள், பிறகு சத்தத்தோடு பாருங்கள். வாயும் அதையேதான் உளறுகிறது.